மேல்மாடியில் கேட்ட கேள்விகள்

எங்கள் வீட்டு மேல்மாடியில் ஊசி போடுகிறார்கள் என்று எனக்கு முதலில் சொன்னவர் மீன்காரர். மோட்டார்சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு காலையில் எங்கள் தெருவுக்கு வருகிறவர். சூரை மீனை வெட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"டீச்சர், மேல ஆரு குடியிரிக்காங்க?"

"குடியில்ல, ஒபிஸ். என்னமோ சுகாதாரக் கணக்கெடுப்பாம்."

"அப்பிடியா சொன்னாங்க?" மீனின் வயிற்றைக் கிழித்துக் குடலை எடுத்துப் போட்டார். "எயிட்ஸுக்கு ஊசியாம் டீச்சர். நம்மட சனத்துக்குப் போட்டுப் பாத்திட்டுத்தான் வெள்ளக்காரனுக்குக் குடுக்கிறதாம். சந்தைக்குள்ள கதைக்கிறாங்க."

மீனை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து அடுப்படியில் நின்றேன். எயிட்ஸ் என்ற சொல் அதுவரை எங்கள் வீட்டுக்குள் சத்தமாகச் சொல்லப்பட்டதில்லை. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மீன் தொட்டதற்காகக் கழுவினேனா, கேட்ட கதைக்காகக் கழுவினேனா என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்துவிடுவார். மூத்தவளுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டோம். இளையவளுக்கு எங்கள் வீட்டின் மேல்மாடி. தரைக்கு டைல் பதித்தாகிவிட்டது, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாகிவிட்டது, சுவருக்குப் பெயின்ட் மட்டும் பாக்கி. நல்ல சம்பந்தம் அமையும்வரை சும்மா கிடக்கும் என்று பார்த்து, என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வாடகைக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு நெல் வியாபாரம். அக்கரைப்பற்றில் ஒரு நெல் ஸ்டோர் வைத்திருக்கிறார். அறுவடைக் காலமாதலால் பகலில் வீட்டில் இருக்கமாட்டார். யாரையும் நம்புகிற சுபாவம் அவருக்கு. எனக்கு அது கிடையாது. பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று பார்த்துப் பார்த்தே வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான்.

மேலே வந்தவர்கள் மூன்று பேர். பொறுப்பாக ஓர் ஆண், அவருக்குக் கீழே இரண்டு பெண்பிள்ளைகள். ஒருத்தி நம்முடைய முஸ்லிம் பிள்ளை. மற்றவள் கல்முனைத் தமிழ்ப் பகுதிப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பாள். மேலே போகிற படி வீட்டுக்கு வெளியே, பக்கச் சுவரோடு இருக்கிறது. அடுப்படி ஜன்னலில் நின்றால் யார் ஏறுகிறார், யார் இறங்குகிறார் என்று எல்லாம் தெரியும். மீன்காரர் சொன்ன நாளிலிருந்து நான் அந்த ஜன்னலில்தான் நின்றேன். மீன்பிடிக்க வள்ளத்தில் போகிற ஆட்கள் வந்தார்கள். முதுகில் பையோடு கெம்பஸ் பிள்ளைகள் வந்தார்கள். முகத்தை மூடிய பெண்கள் வந்தார்கள். ஒரு நாள் இளைஞன் ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே படியேறினான். உச்சிப் படியில் நின்று கழற்றி, முகத்தைத் துடைத்து, ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான். இடது புருவத்தை ஒரு பழைய வெட்டுத் தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. இவ்வளவு ஒளிந்து வருகிறவனுக்கு மேலே என்ன வேலை என்று நினைத்தேன்.

அவர்களின் குப்பைப் பையைப் படிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார்கள். மாநகர சபை உழவு இயந்திரம் வந்து எடுத்துப் போகும். ஒரு நாள் அது வருவதற்கு முன்னால், இரண்டு கையிலும் சொப்பிங் பேக்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் பையை அவிழ்த்தேன். பிஸ்கட் உறைகள், தேயிலைப் பைகள், தோடம்பழத் தோல், சோறு ஒட்டிய லஞ்ச் சீட்டுகள், எழுதாத பேனை ஒன்று. ஊசி இல்லை. பஞ்சு இல்லை. மருந்துக் குப்பியும் இல்லை. நியாயமாக எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்படியானால் ஊசிகளை எங்கே கொண்டுபோய்ப் போடுகிறார்கள் என்றுதான் யோசித்தேன்.

"உம்மா, என்ன செய்றீங்க?" இளைய மகள் பின்னால் நின்றாள். பிரதேச செயலகத்தில் வேலை அவளுக்கு. வேலைக்குப் போகப் புறப்பட்டு வந்தவள்.

"ஒண்டுமில்ல. பூனை கிளறிப் போட்டிருக்கி."

"பூனை கையில பேக் கட்டிக்கொண்டா கிளறினது?" என்றாள். "இவ்வளவு கஷ்டப்படுறதுக்கு மேல போய்க் கேட்டா முடிஞ்சிதே."

அன்றைக்குப் பின்னேரமே போனேன். சிலுவை போட்ட பிள்ளைதான் இருந்தாள். ஒரு மேசை, இரண்டு கதிரை, கையில் பெரிய போன் மாதிரி ஒரு டெப். அறைகளை எல்லாம் சுற்றிப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டி இல்லை, கட்டில் இல்லை. மகளுக்கென்று கட்டிய குளியலறையில் துவைத்துப் போட்ட ஒரு துவாய் மட்டும் தொங்கியது.

"மத்த ஆக்களிட்டக் கேக்கிற கேள்விய என்னட்டயும் கேளுங்க புள்ள," என்று கதிரையில் உட்கார்ந்தேன்.

அவள் தயங்கினாள். வீட்டுச் சொந்தக்காரரிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாமா என்று யாருக்கோ போன் எடுத்தாள். பிறகு வந்து உட்கார்ந்து, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, நடுவில் எழும்பிப் போகலாம், பெயர் கேட்கமாட்டோம் என்று மெதுவாக விளக்கினாள்.

"பேரு கேக்காட்டி என்ன? என்ட வீட்டுக்குள்ள இரிந்துதானே என்னட்டக் கேக்கிறீங்க."

சிரித்தாள். பிறகு டெப்பைப் பார்த்து வாசித்தாள். "எச்.ஐ.வி. வராமத் தடுக்கிறதுக்கு ஒரு ஊசி செய்றாங்க எண்டு வைங்க டீச்சர். அது வேலை செய்யுமா எண்டு இன்னும் தெரியாது. நோய் இல்லாத ஆக்களுக்குப் போட்டுத்தான் பார்க்க வேணும். அந்த ஊசியால நோய் வராது, கிருமி அதுக்குள்ள இல்ல. அப்படி ஒரு ஆராய்ச்சியில சேரச் சொல்லிக் கேட்டா நீங்க சேருவீங்களா? கட்டாயம் சேருவன், சேரலாம், சொல்லத் தெரியாது, அநேகமாச் சேரமாட்டன், கட்டாயம் சேரமாட்டன். இதில ஒண்டு சொல்லுங்க."

"ஊசி எங்க இரிக்கி?"

"ஊசி இல்ல."

"எப்ப வரும்?"

"வருமோ தெரியாது டீச்சர். வந்தா சனம் சேருமா எண்டு அறியத்தான் இது. வேற ஒண்டும் இல்ல."

இதை நான் நம்பவில்லை. இல்லாத சாமானுக்கு யார் யார் வாங்குவீர்கள் என்று வீடு எடுத்து, ஆள் வைத்து, கரண்ட் பில் கட்டிக் கேட்பார்களா? ஏதோ பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "கட்டாயம் சேரமாட்டன்" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. அடுத்ததைக் கேட்டாள். தெரிந்த டொக்டர் சொன்னால்? பள்ளிவாசலில் மார்க்கப்படி கூடும் என்று சொன்னால்? கணவருக்கு விருப்பமில்லாவிட்டால்? சேர்கிறவர்களில் ஒரு பகுதிக்கு மருந்தில்லாத வெறும் ஊசிதான் போடுவார்கள், உங்களுக்கு எது என்று தெரியாது என்றால்?

"அது ஏமாத்துறதுதானே?"

"அத முதலே சொல்லிட்டுத்தான் சேர்ப்பாங்க டீச்சர். சொல்லாமச் செய்தாத்தான் ஏமாத்து."

பிறகு ஒரு கேள்வி வந்தது. ஊசி போட்டவரின் இரத்தத்தைச் சோதித்தால், நோய் இல்லாவிட்டாலும் இருப்பதுபோலக் காட்டக்கூடும். அப்படியென்று தெரிந்தால் சேருவீர்களா?

"அப்ப நோய் வராது, பேரு மட்டும் வரும்."

"அப்படியும் சொல்லலாம். வேற சோதனை செய்து, இது நோய் இல்ல எண்டு காட்ட ஏலும். ஆனா எல்லா இடத்திலயும் அந்தச் சோதனை இருக்காது."

"இந்த ஊரில பேருதான் புள்ள நோய்," என்றேன்.

நீங்கள் சேர்ந்தால் சுற்றியிருக்கிறவர்கள் உங்களுக்கு நோய் இருக்கிறதென்று சந்தேகப்படுவார்களா என்று அடுத்ததாகக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சேராமலே சந்தேகப்படுறாங்க," என்றேன். அந்தப் பதில் டெப்பில் இல்லை. "ஓம்" என்பதை அழுத்திவிட்டு அவளும் சிரித்தாள்.

கடைசியில் அரசாங்கத்தை, வெளிநாட்டு ஆராய்ச்சியாளரை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று கேட்டாள். கொரோனாக் காலத்தில் எங்கள் மையித்துகளை எரித்தார்கள். அடக்கவும் விடவில்லை, காரணமும் ஒழுங்காகச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் கணவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள், திரும்பி வந்தது சாம்பல். அவள் இன்றைக்கும் பிரஷர் குளிசைக்குக்கூட அரசாங்க ஆஸ்பத்திரிப் படி மிதிப்பதில்லை. அவளிடம் போய் நம்புகிறாயா என்று கேட்க முடியுமா? இதையெல்லாம் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னால், எங்கள் கடைச் சாப்பாட்டில் மலட்டு மருந்து கலக்கிறோம் என்று ஒரு பொய்யைக் கட்டி, அம்பாறையில் எங்கள் ஆட்களின் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அப்போது எங்களுக்கு எவ்வளவு எரிந்தது. இப்போது என் தலைக்கு மேல் இருக்கிற இந்தப் பிள்ளைகளைப் பற்றி எங்கள் சந்தை கட்டியிருக்கிற கதையும் அதே அச்சில் வார்த்ததுதான். அதை அவளிடம் சொல்லவில்லை.

"எல்லாரும் என்ன மாதிரித்தான் சொல்றாங்களா?" என்று எழும்பும்போது கேட்டேன்.

"கனபேர் ஓம் எண்டும் சொல்றாங்க. எனக்கு அவங்களத்தான் நம்ப ஏலாம இருக்கு டீச்சர். உண்மையாச் சொல்றாங்களோ, வெயிலுக்குள்ள வந்த புள்ள பாவம் எண்டு சொல்றாங்களோ தெரியாது. ஊசி முன்னுக்கு வந்தா எத்தனை பேர் நிற்பாங்க எண்டு ஆருக்குத் தெரியும்?"

போகிற போக்கில், புருவத்தில் தழும்புள்ள பொடியன் யார் என்று கேட்டுப் பார்த்தேன். அவள் டெப்பை அணைத்து மேசையில் கவிழ்த்து வைத்தாள். "அது நான் சொல்லமாட்டன் டீச்சர்." மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. கீழே வந்து அரிசி களையும்போது, நான் சொன்னதையும் இவள் இப்படித்தான் வைத்திருப்பாள் என்று தோன்றிக் கொஞ்சம் தணிந்தது.

ஊருக்குள் கதை தணியவில்லை. மருதமுனையில் இருக்கிற என் தங்கை போன் எடுத்தாள். "ராத்தா, உங்கட வீட்டில நோய்க்காரர வெச்சிருக்காங்களாமே?" குர்ஆன் ஓதப் போகிற பிள்ளைகள் எங்கள் மதிலோரம் நடக்காமல் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மரைக்கார் ஒருவர் என் கணவரைத் தேடி வந்தார். என் கணவர் அவரை நேரே மேலே கூட்டிக்கொண்டு போனார். அரை மணித்தியாலம் போலக் கழித்து மரைக்கார் இறங்கி வந்தார். அவரிடமும் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் என் கணவர்.

"அது வெளிய சொல்றதில்லையாமே," என்று சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு மரைக்கார் போய்விட்டார். ஜும்ஆவுக்குப் பிறகு, மேலே ஊசியும் இல்லை மருந்தும் இல்லை என்று நாலு பேரிடம் சொன்னாராம். அவருக்கும் காசு கொடுத்துவிட்டார்கள் என்று அன்று பின்னேரமே கதை வந்தது.

இந்த நேரத்தில்தான் அட்டாளைச்சேனையிலிருந்து இளையவளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கத்தாரில் மின்சார வேலை, லீவில் வந்திருக்கிறார், நல்ல குடும்பம் என்றார்கள். போட்டோவில் புருவம் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக் கடலோரம் நின்ற படம் அது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரு வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா, தாய்மாமன், மாப்பிள்ளை. வாசலில் ஸலாம் சொல்லி உள்ளே வந்தவரின் முகத்தைப் பார்த்தேன். இடது புருவம் இரண்டாக இருந்தது. கையில் வைத்திருந்த வட்டிலப்பத் தட்டை மேசையில் வைத்தேன். நான் பார்த்ததை அவரும் கண்டுகொண்டார். அதற்குப் பிறகு அவர் தரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டைப் பற்றித்தான் பேச்சுத் தொடங்கியது. அவருடைய உம்மா தேநீரைத் தொடவில்லை.

"டீச்சர், பொண்ணப் பத்தி எங்களுக்கு ஒரு குறையுமில்ல. ஆனா என்ட மகன் வந்து இரிக்கப்போறது அந்த மேல்வீட்டில. அதில இப்ப எப்பிடியான ஆக்கள் வந்து போறாங்க எண்டு எங்கட ஊர் வரைக்கும் கதை வந்திட்டு."

"கேள்வி கேக்கத்தான் வாறாங்க," என்றார் என் கணவர். "வேற ஒண்டுமில்ல."

"நோயில்லாட்டி என்னத்துக்கு அந்தக் கேள்வி? முதல்ல அவங்கள அங்க இரிந்து எழுப்பி அனுப்புங்க. கழுவி, பெயின்ட் அடிச்சி, ஓதித் தண்ணி தெளிக்கணும். மத்தது..." அவர் தன் தம்பியைப் பார்த்தார். தாய்மாமன் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்கப்படா. பொண்ணுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செஞ்சா எங்களுக்கும் நிம்மதி, உங்களுக்கும் நல்லம்."

என் கணவரின் முகம் கறுத்தது. அவர் வாயைத் திறக்குமுன் மகள் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, கதவு நிலையில் நின்றாள்.

"ரத்தம் குடுக்கிறன் மாமி. அதில எனக்கு ஒண்டுமில்ல. உங்கட மகனும் வரட்டும், ஒரே நாளைக்குப் போய்க் குடுப்பம்."

"என்ட மகனயா சந்தேகப்படுறீங்க?" மாப்பிள்ளையின் உம்மாவின் குரல் உயர்ந்தது. "அந்தப் படியில ஏறுற ஆக்களப் போல ஆளா அவன்?"

எனக்கு நாக்கின் நுனியில் நின்றது. உங்கள் மகனை என் அடுப்படி ஜன்னலிலிருந்து கண்டேன் என்று ஒரே வசனம் போதும், அவர் வாயை மூடிவிடலாம். ஆனால் அதோடு சம்பந்தமும் போகும், அந்தப் பொடியனின் பெயரும் போகும். அவன் உண்மையிலேயே நோய்க்காரனாக இருந்து, நான் சொல்லாமல் விட்டால்? என் மகளின் வாழ்க்கை. இரண்டு பக்கமும் இழுபட்டு, நான் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் தலையை நிமிர்த்தினார்.

"உம்மா, நானும் அந்தப் படியில ஏறின ஆள்தான்."

அவருடைய உம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எந்தப் படியில?" என்றார். விளங்கியதும் எழும்பினார். தாய்மாமன் வேன்காரனுக்குப் போன் எடுத்தார். தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது. வாசலில் செருப்பைப் போடும்போது அந்த உம்மாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. மகன் குனிந்து பிடித்துவிடப் போனார். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும், நான் முன்பே கண்டதை வீட்டில் சொன்னேன். "கண்டும் சொல்லல்லையா?" என்று என் கணவர் என்மேல் பாய்ந்தார். யாரையும் திட்டாத மனிதர் அன்றைக்குத் திட்டினார். மகள் மட்டும் அமைதியாக இருந்தாள். "அவர் பொய் சொல்லாம இரிந்தாரே," என்றாள். எனக்கு அது போதவில்லை. அட்டாளைச்சேனையில் இருக்கிறவன் இவ்வளவு தூரம் வந்து, முகத்தை மறைத்துக்கொண்டு, என் வீட்டுப் படியில் ஏன் ஏற வேண்டும்? பெண்ணை வேவு பார்க்கவா? அல்லது தனக்கே ஏதாவது இருந்து, அதற்கு மருந்து கிடைக்கும் என்று நினைத்தா? சமைக்கும்போதும் இதுதான், தொழும்போதும் இதுதான்.

சில நாள் கழித்து என் கணவர் அக்கரைப்பற்றிலிருந்து போன் எடுத்தார். மாப்பிள்ளைப் பொடியன் நெல் ஸ்டோருக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான், உங்களோடும் கதைக்க வேண்டுமாம் என்றார். நானும் மகளும் பஸ் ஏறிப் போனோம். நெல்மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவர் எங்களைக் கண்டதும் எழும்பினார். உமித் தூசி சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. வெகுநேரமாகக் காத்திருந்திருக்கிறார்.

"அது பொண்ணுட வீடெண்டு எனக்குத் தெரியா மாமி. அல்லாஹ் அறிய. உங்கட வாசலுக்கு வேன் வந்து நிண்ட பிறகுதான் தெரிஞ்சிது."

"சரி மனே. என்னத்துக்குப் போனீங்க?"

கத்தாரில் அவரோடு ஒரே அறையில் ஒரு பொடியன் இருந்தானாம், மட்டக்களப்புப் பக்கம். விசா புதுப்பிக்க எல்லாரிடமும் இரத்தம் எடுப்பார்கள். ஒரு முறை எடுத்த பிறகு அவனை மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். போனவன் அறைக்குத் திரும்பவில்லை. அப்படியே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். உடுப்பு, பல் துலக்கும் பிரஷ்கூட அறையிலேயே கிடந்தது.

"லீவில வரக்குள்ள அவன்ட பேக்க நான்தான் கொண்டுபோய்க் குடுத்தன். அவன வீட்டுப் பின் அறையில ஒதுக்கி வெச்சிரிக்காங்க. தனிக் கோப்பை. என்ன வருத்தம் எண்டு கத்தார்ல ஒருத்தரும் அவனிட்டச் சொல்லல்ல மாமி. இஞ்ச வந்து சோதிச்சித்தான் அவனுக்கே தெரியும். இப்ப குளிசை குடிக்கிறான், நல்லா இரிக்கான். ஆனா வீட்டு ஆக்கள் கிட்டப் போறல்ல. என்ட கூட்டாளி ஒருத்தன் சொன்னான், கல்முனையில ஒரு இடத்தில இதப்பத்திக் கேள்வி கேக்கிறாங்க எண்டு. போய்ச் சொல்லணும் போல இரிந்திச்சி."

மகள் கேட்டாள், "நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"கட்டாயம் சேருவன் எண்டன். அவன நினைச்சித்தான் சொன்னன்." மூட்டையிலிருந்து உதிர்ந்த நெல்லைக் காலால் ஒதுக்கினார். "பிறகு அந்த ரத்தக் கேள்வி வந்திச்சி. ஊசி போட்டா சோதனையில இரிக்கிற மாதிரிக் காட்டும் எண்டு. அப்ப என்ட விசா போயிரும். அந்தக் கேள்விக்குச் சேரமாட்டன் எண்டு சொல்லிட்டன். வெளிய வரக்குள்ள வெக்கமா இரிந்திச்சி."

அந்தக் கடைசிப் பேச்சுத்தான் என்னை அசைத்தது. கதை கட்டுகிறவன் தன்னை நல்லவனாக்கித்தான் கட்டுவான். பாதியில் பின்வாங்கினேன் என்று யாரும் கேட்காமல் சொல்லமாட்டான். ஆனாலும் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இதையும் யோசித்துத்தான் சொன்னானோ என்று ஒரு நினைப்பு வந்தது. என் மனம் அப்படி. மகளிடம் சொன்னேன்.

"உங்களுக்கு உம்மா, எந்தப் பதிலுக்கும் மார்க்ஸ் போட ஏலாது," என்றாள்.

மகள் தன் பேச்சில் நின்றாள். அவரும் மறுக்கவில்லை. என் கணவர் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார், ஒரே நாளில் இருவரும் இரத்தம் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதும் அழுதேன். அழுதுவிட்டு, சோதனை சரியாகச் செய்தார்களா என்று கேட்டேன். என் கணவர் ஸ்டோருக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளையின் உம்மா மட்டும் இறங்கி வரவில்லை. மகனோடு பேச்சை நிறுத்தினார். மகன் கத்தாருக்குத் திரும்பும் நாளில் வாசல்வரை வந்து நின்றாராம், வாய் திறக்கவில்லையாம். அதற்குள் மேல்மாடிக்காரரின் வேலையும் முடிந்தது. மேசை, கதிரைகளை ஒரு லொறியில் ஏற்றினார்கள். சிலுவை போட்ட பிள்ளை சாவியைத் தர வந்தாள்.

"கடைசியில சனம் சேருமாமா, சேராதாமா?" என்று கேட்டேன்.

"கணக்கெல்லாம் கொழும்புக்குப் போகுது டீச்சர். எங்களுக்கும் சொல்லமாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கட வீட்டுக்குக் கரைச்சல் வந்தது எனக்குத் தெரியும். மன்னிச்சிக்கொள்ளுங்க," என்றாள்.

அவளுக்குக் கொஞ்சம் தொதல் இனிப்புச் சுற்றிக் கொடுத்தேன். யார் சொல்லி அவளுக்குத் தெரிந்தது என்று அப்போதும் யோசித்தேன்.

மேலே பெயின்ட் அடித்தோம். மாப்பிள்ளையின் உம்மா கேட்டதற்காக அல்ல, முதலே நினைத்ததுதான் என்று என் கணவர் எல்லாரிடமும் சொன்னார். ஓதினோம். அது எந்தப் புது வீட்டுக்கும் செய்வதுதான். மாப்பிள்ளை அடுத்த லீவில் வந்து, தாய்மாமனைப் பிடித்து, அவர் தன் ராத்தாவைப் பிடித்து, ஒருவழியாக நிக்காஹ் நடந்தது. அவருடைய உம்மா வந்து முன்வரிசையில் இருந்தார். முகம் மட்டும் இறுகி இருந்தது. ஒரு மாதத்தில் மாப்பிள்ளை திரும்பவும் கத்தாருக்குப் போனார். மகள் மேலே இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், வருகிறாள்.

இப்போது அந்த உம்மா மாதத்தில் ஒருமுறை மருமகளைப் பார்க்க வருகிறார். சம்பந்தி முறைக்கு என்னை மச்சி என்று கூப்பிடுகிறார். போன நோன்புக்கு முந்திய வாரம் வந்தவர், அடுப்படியில் எனக்கு வெங்காயம் உரித்துத் தந்துகொண்டிருந்தார். மகள் வேலை முடிந்து இன்னும் வரவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"மச்சி, அண்டைக்கு மேல என்ட மகனிட்ட என்னதான் கேட்டாங்க?"

எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். அந்தப் பிள்ளை கேட்டதுபோலவே ஒவ்வொன்றாகக் கேட்டேன். சேருவீங்களா? "கட்டாயம் சேரமாட்டன்." டொக்டர் சொன்னா? "டொக்டர் போடட்டும் முதல்ல." பள்ளியில சொன்னா? "பள்ளிக்கும் இதுக்கும் என்ன?" எல்லாவற்றுக்கும் வெங்காயத் தோலைச் சுளகில் எறிவதுபோல ஒரே வீச்சில் பதில் சொன்னார். இரத்தக் கேள்விக்கு வந்தேன். ஊசி போட்டவருக்கு நோய் இல்லாவிட்டாலும் சோதனையில் இருப்பதுபோலக் காட்டலாம் என்று சொன்னேன்.

அவர் கை நின்றது. "அப்பிடிக் காட்டினா கத்தாருக்கு எடுக்கமாட்டாங்க, என்ன?"

"எடுக்கமாட்டாங்க."

"நோயும் இரிக்காது."

"இரிக்காது."

"அப்ப இஞ்சதான் நிண்டிருப்பான்," என்றார். தனக்குத்தானே சொல்வதுபோல மெல்லச் சொன்னார். வெங்காயத்துக்கு எரிந்த கண்ணைத் தோளில் துடைத்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, "மச்சி, அந்த ஊசி எப்ப வரும்?" என்று கேட்டார்.

"வருமோ தெரியா மச்சி. ஊசி எண்டு ஒண்டு அங்க இரிக்கல்ல. கேள்விதான் கேட்டாங்க."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்றும், நான் மறைக்கிறேன் என்றும் அவர் முகம் சொன்னது. எதற்கு மறைக்கிறேன் என்று யோசிப்பதும் தெரிந்தது. எவ்வளவு சத்தியம் பண்ணியும் பயனில்லை. பின்னேரம் மகள் வந்ததும், என்னை விட்டுவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்.